வாளை வீசிய கை

தோழனே!

பனமரத்துப்பட்டியில், படிப்பகத்துத் திண்ணையில், ஒரு மாலை வேளை. ஜருகுமலைச் சரிவில் இருள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணகி நாடகத்துக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தோம். விடியலில் எழுந்து அரளி மொட்டுப் பறித்துச் சேலத்துப் பூச்சந்தைக்கு அனுப்பும் இளைஞன் ஒருவனுக்கு அதில் சின்னஞ்சிறு வேடம். கோவலனை வெட்டும் காவலன் வேடம். வசனம் கிடையாது. வெள்ளித்தாள் ஒட்டிய மரவாள், ஒரே வீச்சு, விளக்கு அணையும், அவ்வளவுதான்.

வீசினான். கோவலன் விழுந்தான். விளக்கை அணைத்தோம். மீண்டும் விளக்கை ஏற்றியபோது அவன் வாளும் கையுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"ஏனப்பா நிற்கிறாய்? உன் வேலை முடிந்தது. உள்ளே போ" என்றேன்.

"போறேண்ணா. மறுபடி நான் எப்போ வரணும்?"

"வர வேண்டியதில்லை."

"வெட்டினது நான்தானேண்ணா? அந்தம்மா சபைக்கு வந்து நியாயம் கேட்கிறப்போ, நான் அங்கே நிக்க வேண்டாமா?"

திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

எண்ணிப் பார், தோழனே! பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழை உணர்ந்த அக்கணமே அரியணையில் உயிர் நீத்தான். கோப்பெருந்தேவியும் மாண்டாள். மாமதுரை எரிந்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பின்னர்ப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒருவன் செய்த சூதுக்கு அவன் தொழிலைச் செய்தவர் ஆயிரம் பேர் அழிந்தனர். மன்னன் விலை கொடுத்தான், மனைவி விலை கொடுத்தாள், மாநகர் விலை கொடுத்தது, மாசற்ற மக்கள் விலை கொடுத்தனர். ஆனால், 'இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே' என்று உடன் வந்தவர் தயங்கி நிற்கையில், போதையில் முந்திக்கொண்டு வாளை வீசினானே ஒருவன், அவன் என்ன ஆனான்? அவனை அவைக்கு அழைத்தார்களா? 'ஏன் வெட்டினாய்?' என்று ஒரு சொல் கேட்டார்களா? காப்பியம் அதைப் பேசவில்லை.

மன்னன் தன் உயிரையே ஈடாகத் தந்தான். இன்றைய மொழியில் சொன்னால், அரசு இழப்பீடு செலுத்திவிட்டது. வாளை வீசிய கையோ கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு பேச எடுத்துக்கொண்டது அந்தக் கையைப் பற்றித்தான்.

காப்பியக் காலத்தை விட்டு நம் காலத்துக்கு வருவோம்.

2020 ஜூன். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடையைத் திறந்துவைத்திருந்தனர் என்பது குற்றச்சாட்டு. 19ஆம் தேதி தந்தையையும் மகனையும் காவல் நிலையம் விழுங்கிற்று. 22ஆம் தேதி மகன் மாண்டான். மறுநாள் விடியலில் தந்தை மாண்டார்.

2021 ஜூன் 22. சாத்தான்குளத்து மகன் மாண்டு சரியாக ஓராண்டு நிறைந்த நாள். நம் சேலம் மாவட்டத்துப் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடி. இருசக்கர வண்டியில் வந்த சிறு வணிகர் ஒருவரைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் தடியால் அடித்தார். அடி விழுந்ததைக் கைப்பேசி படம் பிடித்தது. மறுநாள் அந்த வணிகர் இறந்தார். அடித்தவர் கைது செய்யப்பட்டார். முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிதி அறிவித்தார்.

2025 ஜூன். சிவகங்கை மாவட்டம் மடப்புரம். கோயிலுக்கு வந்தவர்கள் நகையைக் காணோம் என்றனர். சிலம்பைக் காணோம் என்ற அந்தப் பழைய புகாரேதான்! கோயிற் காவலாளியாக இருந்த இளைஞரைத் தனிப்படையினர் விசாரணைக்குக் கொண்டுபோயினர். 28ஆம் தேதி அவருடைய உயிரற்ற உடல்தான் தாய்க்குக் கிடைத்தது. காவலர் ஐவர் கைது செய்யப்பட்டனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. மேலும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாகத் தரும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு ஆணையிட்டது.

இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2020இல் ஆட்சி மாற்றார் கையில் இருந்தது. சாத்தான்குளத்துக்காக நாம் குரல் கொடுத்தோம், கொதித்தெழுந்தோம், தொண்டை வறளப் பேசினோம். பேசியவர்களில் நானும் ஒருவன். 2021இல் ஆட்சி நம் கையில் இருந்தது. பாப்பநாயக்கன்பட்டி நாம் காலையில் பேருந்தேறிப் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவுதான். அங்கே சிந்திய குருதிக்காக நான் எத்தனை கூட்டத்தில் பேசினேன்? ஒன்றில்கூட இல்லை. 'உடனே கைது செய்துவிட்டார்களே, நிதியும் கொடுத்துவிட்டார்களே' என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அன்றைய நடவடிக்கை விரைவாக இருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், தடி எந்த ஆட்சியில் ஓங்கிற்று என்று நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணீர் விடுபவன் பகுத்தறிவாளன் அல்லன், வெறும் கணக்குப்பிள்ளை!

என் கணக்கில் இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கழகப் பணியே கதியென்று திரிந்த காலம். எந்த ஊர், எந்தக் காவல் நிலையம் என்பது வேண்டாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி. பட்டறையில் வெள்ளி குறைந்தது என்று அவர் மேல் பழி. நிலையத்துக்கு இழுத்துப்போய் அடித்தார்கள். காதில் விழுந்த அறையில் செவிப்பறை கிழிந்தது. மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடும், பிள்ளையின் பள்ளி நோட்டுத் தாளில் எழுதிய புகாரோடும் அவர் என்னிடம் வந்தார். "மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும், கூட வாருங்கள்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடப் போனேன். மேலதிகாரியிடம் அன்று, அதே நிலையத்துக்கு! நாற்காலி போட்டார்கள். தேநீர் வந்தது. அரைமணி நேரத்தில் உடன்பாடு முடிந்தது. திருட்டு வழக்குப் போட மாட்டார்கள். இவர் புகாரைக் கிழித்துவிட வேண்டும். மருந்துச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய். அவர் தயங்கினார். "பெரிய இடத்தோடு மோதாதீர்கள் அண்ணே, பிழைப்பைப் பாருங்கள்" என்று சொல்லி, அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்தவன் நான். வெளியே வந்தபோது 'கழகத்துக்காரர் வந்தார், காரியத்தை முடித்தார்' என்று ஊர் புகழ்ந்தது. நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

இன்றும் அந்தப் பெரியவர் என் கூட்டத்துக்கு வருகிறார். முன்வரிசையில் அமர்ந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, கேட்கும் காதை மேடைப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். எந்தச் சொல்லுக்காக நான் கைதட்டல் வாங்கினாலும், அந்தச் சாய்ந்த தலையைக் காணும்போது என் நா தடுமாறுகிறது. அடித்தவர் ஒரு செவியைக் கிழித்தார். நான் அதற்கான சான்றைக் கிழித்தேன். நம்மில் எத்தனை பேர் இப்படித் தாள் கிழித்திருக்கிறோம், தோழனே? ஒன்றியமென்றும் கிளையென்றும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் இரவில் தனியே அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

இந்த நோய் நேற்று முளைத்ததன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் மக்களை வதைத்தார்கள் என்ற கூக்குரல் எழுந்து, லண்டன் நாடாளுமன்றம்வரை எட்டியது. விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் அக்குழுவிடம் வந்து குவிந்தன. விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்னும் நம் தமிழ்ச் சொற்களெல்லாம் ஆங்கில அறிக்கையில் ஏறின. 1857இல் கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையை எடுத்துக்காட்டி அமெரிக்க நாளேட்டில் எழுதினார். நம் முப்பாட்டன் பட்ட அடி உலக அரங்கில் பேசப்பட்டது!

அதன் பின்னர் என்ன நடந்தது? 1859இல் மாவட்டக் காவல் சட்டம் பிறந்தது. வரி தண்டுவோர் வேறு, காவலர் வேறு என்று பிரித்துப் புதிய காவல்துறையை அமைத்தார்கள். நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவை எடுத்துப் பார். சட்டத்தின்கீழ்ச் செய்த செயலுக்காகக் காவலர் மீது வழக்கிடுவதானால் மூன்று மாதத்துக்குள் இட வேண்டும். அதற்கும் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். வதைபட்டவனுக்கு மருந்தாக வந்த சட்டத்திலேயே வதைத்தவனுக்கு ஒரு கேடயம்! முறிந்த கை கூடி வருவதற்குள் வழக்கிடும் காலம் முடிந்துவிடும்.

வெள்ளையன் போனான், கேடயம் போகவில்லை. ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1947இல் மீரட் நகரில் ஒரு நகை வணிகரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்தார்கள். அவரிடமிருந்த தங்கமும் வெள்ளியும் காவல் நிலையத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டன. அதைக் காக்க வேண்டிய தலைமைக் காவலரே தங்கத்தைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வணிகர் தரப்பு அரசின் மீது உரிமை வழக்கிட்டது. கஸ்தூரிலால் வழக்கு என்று அதற்குப் பெயர். 1960களின் நடுவில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு என்ன? காவலர்கள் கவனக்குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறையதிகாரச் செயல். ஆகவே அரசு ஈடு தர வேண்டியதில்லை! பறிகொடுத்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

அந்தக் கோட்டையில் விரிசலை உண்டாக்கியவர்கள் மாமேதைகள் அல்லர், தோழனே. மனம் தளராத எளியவர்கள். 1987 டிசம்பரில் ஒரிசாவில் 22 வயது இளைஞன் ஒருவனைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். மறுநாள் இருப்புப்பாதை ஓரம் அவன் உடல் கிடந்தது. ரயிலில் அடிபட்டான் என்றது காவல்துறை. அவன் தாய் நீலாவதி பெஹரா உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்காயிற்று. 1993இல் தீர்ப்பு வந்தது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் இறையதிகாரம் என்னும் சாக்குச் செல்லாது. தாய்க்கு அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பது தீர்ப்பு. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில், கைது செய்யும்போது காவலர்கள் கைக்கொள்ள வேண்டிய 11 விதிகளை அதே நீதிமன்றம் வகுத்தது. கைது செய்பவர் பெயர்ச்சின்னம் அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு கடிதத்தில் தொடங்கிய வழக்குத்தான். தாளில் எழுதிய எழுத்துக்கு எத்தனை வலிமை என்று பார்! அப்படிப்பட்ட தாளைத்தான் நான் கிழித்தேன்.

ஆனாலும், தோழனே, இங்கேதான் மீண்டும் அந்த அரளி பறிக்கும் இளைஞனின் கேள்வி என் காதில் ஒலிக்கிறது. ஈடு தருகிறவர் யார்? அரசு. அரசின் பணம் யாருடைய பணம்? பூ விற்பவள் வாங்கும் தீப்பெட்டியிலும், நெசவாளி வாங்கும் நூலிலும் தண்டிய வரி. அடிபட்டவனின் குடும்பம் கட்டிய வரியும் அதில் உண்டு. அடித்த கைக்கு அதனால் என்ன நட்டம்?

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்டு என்னும் கருப்பினத்தவரின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் நெரித்துக் கொன்றார். மறு ஆண்டு அந்த நகராட்சி அவர் குடும்பத்துக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் தந்து உரிமை வழக்கை முடித்துக்கொண்டது. கொன்றவர் சிறை சென்றார். ஆனால் பணம் நகரத்தின் கருவூலத்திலிருந்தே போனது. அந்நாட்டில் காவலர் மீது தனிப்பட வழக்கிட 1871ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு நேர் எதிரே, தகுதிசார் விலக்குரிமை என்றொரு வேலியை நீதிமன்றங்களே எழுப்பி வைத்திருக்கின்றன. இதே போன்ற முன்னொரு வழக்கில் தவறென்று தீர்ப்பாகியிராவிட்டால் காவலர் தப்பிக்கொள்ளலாம்!

அப்படியானால் கையைப் பிடிக்கவே முடியாதா? முடியும் என்று காட்டியது வாச்சாத்தி. ஒரு காலத்தில் நம் சேலம் மாவட்டத்தோடு இருந்து, 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அங்கே புகுந்தன. பழங்குடி மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், பெண்கள் 18 பேரைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர்; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தோடு நிற்கவில்லை. சீரழிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும். அதில் பாதியை அந்தக் கொடுமையைச் செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

செய்தவர்களிடமிருந்தே! முப்பத்தோராண்டு காத்திருந்து அந்தப் பெண்கள் பெற்ற சொல் அது. அந்தச் சொல் ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். ஏனென்றால் கை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் நின்று எண்ண வைக்கக் கூடியது, தன் சம்பளமும் தன் ஓய்வூதியமும் தன் வீடும் இதற்கு ஈடாகப் போகும் என்ற எண்ணமே.

இனித் துறைக்குள் நடக்கும் ஒழுங்கு நடவடிக்கையைப் பார்ப்போம். புகார் பெரிதானால் முதலில் 'ஆயுதப்படைக்கு மாற்றம்' என்ற செய்தி வரும். நாமும் வெற்றி வெற்றி என்று வெடி வெடிப்போம். மாற்றம் தண்டனையா? சேலத்தில் அடித்தவர் வேறோர் ஊரில் அடிப்பதற்குப் போகும் பயணப்படி அல்லவா அது! அடுத்தது தற்காலிகப் பணிநீக்கம். அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. வேகம் தணிந்ததும் திரும்பி வருவதும் உண்டு. உண்மையான தண்டனைக்கு வழி, 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் இருக்கிறது. சிறு குற்றத்துக்கு 3(ஏ), பெருங்குற்றத்துக்கு 3(பி). பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணியறவு எல்லாம் இரண்டாவதில் அடங்கும். ஆனால் விசாரிப்பவர் யார்? அதே துறையின் அதிகாரி. சாட்சி சொல்ல வேண்டியவர் யார்? அதே நிலையத்து மற்றொரு காவலர். வாளை வீசியவனை விசாரிக்க வாள் வைத்திருந்தவர்களையே நடுவராக்கும் முறை!

இதை மாற்றத்தான் 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் மாநிலத்துக்கொன்றும் மாவட்டத்துக்கொன்றுமாகக் காவல்துறை மீதான புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர் என்றும் வரைந்து தந்தது. தமிழ்நாட்டில் 2013இல் சட்டம் வந்தது. யார் தலைவர் என்று பார்த்தால், மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர். உறுப்பினர் காவல்துறைத் தலைமை இயக்குநர். மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைவர். உறுப்பினர் காவல் கண்காணிப்பாளர்! யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரியே புகாரைக் கேட்கும் பீடத்தில் அமர்ந்திருந்தால், எந்தக் கொலுசுத் தொழிலாளி அந்தப் படியேறுவார்? அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர்கள் மாற்றார்தாம். ஆனால் 2021இல் ஆட்சி நம் கைக்கு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்த அமைப்பு அப்படியே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், நான் உனக்குப் பாதி உண்மையைத் தந்தவன் ஆவேன். மாநில சுயாட்சிக்காக முழங்கும் நாம், காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்கலாமா? தில்லியைக் கைகாட்டித் தப்ப முடியாத இடம் இது.

'இப்படி எழுதினால் காவலர்கள் மனம் சோர்ந்துவிடமாட்டார்களா?' என்று சிலர் கேட்பர். காக்கி உடுத்தியவனும் உழவன் மகன்தான், நெசவாளி மகன்தான். ஓய்வில்லா வேலை, விழாவுக்கும் வெயிலுக்கும் காவல், மேலே உள்ளவரின் வசவு எல்லாம் அவனுக்கு உண்டு. அவனைப் பகைவனாக்க நான் எழுதவில்லை. சாத்தான்குளத்தை நினைத்துப் பார். கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரணைக்குப் போன அந்த நிலையத்திலேயே, சூழ நின்ற அச்சத்தை மீறி உண்மையைச் சொன்னவர் யார்? காக்கி உடுத்திய பெண் தலைமைக் காவலர் ஒருவர். கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்த நிலையத்தில், அழியாத பதிவாக நின்றது அந்த அம்மையின் சாட்சியம். ஐந்தாண்டைக் கடந்தும் அவ்வழக்கின் விசாரணை நீண்டது. அத்தனை காலமும் அவர் தாங்கிய பாரம் எத்தகையது! அடித்தவரைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மையைப் போன்றவர்களைக் கைவிடுகிறோம். 'இவன் கள்வனாகத் தோன்றவில்லையே' என்று தயங்கிய காவலர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வீசிய கையைத் தண்டிப்பது, தயங்கிய கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

நமக்கு இது நினைவுபடுத்தித் தெரிய வேண்டிய செய்தியா? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், சென்னை மத்தியச் சிறையில் நம்மவர்கள் மீது விழுந்த அடிகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது நமக்குத் தெரியும். மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சிட்டிபாபுவை 1977இல் இழந்தோம். சீருடை அணிந்த கை சட்டத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை உடம்பால் அறிந்த இயக்கம் இது. 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டப்பட்ட மாநாட்டில் பட்டங்களைத் துறக்கச் சொன்னோம். இன்று நாம் துறக்க வேண்டியது, காவல் நிலையத்தில் நமக்காகப் போடப்படும் அந்த நாற்காலி.

ஆகவே, தோழனே, இனி அடிபட்ட ஒருவர் உன் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்ய வேண்டும்? முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போ. காயங்களைச் சீட்டில் எழுத வை. புகாரை எழுதி, நாளும் நேரமும் அடித்தவர் பெயரும் பதவியும் குறித்து, நிலையத்தில் கொடுத்து ரசீது கேள். வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. அங்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போ. ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. பணம் இல்லையே என்று கலங்காதே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கட்டணம் கட்ட முடியாதவர் வறியவராக வழக்கிடவும் சட்டம் இடம் தருகிறது. அரசுக்கும் அலுவலருக்கும் இரண்டு மாத அறிவிப்புத் தந்து, உரிமை வழக்கில் அடித்தவரைப் பெயர் சொல்லிப் பிரதிவாதியாகச் சேர். பொய்யாக அடைத்துவைத்ததற்கு ஈடு கேட்க ஓராண்டுதான் காலம் என்பதை மறவாதே. அலுவற்பணியில் செய்தது என்று காட்டி, வழக்குத் தொடர அரசின் முன்னனுமதி வேண்டும் என்பார்கள். 2024 ஜூலையில் நம் நாவில் நுழையாத பெயரோடு தில்லி கொண்டுவந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் அந்தத் தடை 218ஆம் பிரிவாக நிற்கிறது. ஆனால் 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதியும் அதிலேயே உண்டு, அதைப் பயன்படுத்து.

யார் ஆண்டாலும் இதைச் செய். நம் ஆட்சியானால் இன்னும் உரக்கச் செய். 'நம் அரசுக்குக் கெட்ட பெயர் வருமே' என்று ஒருவர் காதோடு சொல்லக்கூடும். புகார் எழுதுவதால் கெட்ட பெயர் வராது. புகாரைக் கிழிப்பதால்தான் வரும். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அந்த நாடகத்தைப் பின்னர் அரங்கேற்றினோம். வழக்குரைத்த காட்சியில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். கண்ணகி கையில் சிலம்போடு மன்னனை நோக்கிப் பேசுகிறாள். அவையின் ஓரத்தில், வெள்ளித்தாள் ஒட்டிய வாளோடு, அரளி பறிக்கும் அந்த இளைஞன் நிற்கிறான். வசனம் கிடையாது. ஆனால் முன்வரிசையில் தலை சாய்த்து அமர்ந்திருந்த அந்தப் பெரியவர், காட்சி முடியும்வரை மன்னனையும் பார்க்கவில்லை, கண்ணகியையும் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் அவரிடம் போனேன். ஒரு வெள்ளைத் தாளும் எழுதுகோலும் கொண்டுபோயிருந்தேன். "அண்ணே, அன்றைக்குக் கிழித்ததை மறுபடி எழுதலாமா?" என்றேன். "காலம் கடந்துபோச்சே தம்பி" என்றார். சட்டத்தின் கணக்கில் கடந்துதான் போயிற்று. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்து வருபவருக்காக அது அங்கேயே இருக்கிறது. உன் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கட்டும், தோழனே!